நானூற்று இருபது யூரோ

வூப்பர்டாலில் மழை விட்ட சனிக்கிழமை.
தண்டவாளத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு
ஆற்றின் மீது தொங்கிப்போகும் ரயில்
வளைவில் ஒருமுறை முனகியது.
நாலு வருடமாக
அந்த முனகலைத்தான் செய்து பார்க்க ஆசை.

உறையில் நானூற்று இருபது.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
கூடுதலாக ஒன்பது இரவுகள்.

"அனலாக்கா, டிஜிட்டலா?"
காப்பியா தேநீரா என்பதுபோல் கேட்டார் ரூலாண்ட்.
நான் விலைச்சீட்டைப் பார்த்தேன்.

அனலாக்: முன்னூற்றுத் தொண்ணூறு.
இரண்டு பக்கமும் மரக் கன்னம்.
ஒரு நேரத்தில் ஒரே சுரம்;
இரண்டு விரல் வைத்தால்
ஒன்றை மட்டும்தான் காதில் வாங்கும்,
என் மேற்பார்வையாளர் மாதிரி.
சூடேற இருபது நிமிடம் என்றார்.
நின்றேன்.
பிறகு குமிழைத் திருப்பினேன்.
டிரம்முக்குள் நனைந்த போர்வை
முதல் சுற்றுப் புரளுமே,
அந்தக் கனம்.

ஞாபகம் மட்டும் கிடையாது.
அணைத்தால் போச்சு.
"குமிழ்களைப் படம் எடுத்து வையுங்கள்.
எடுத்தாலும் நாளைக்கு அதே ஒலி வராது,
அறை குளிர்ந்தால் சுருதி நகரும்."

என் அறையை நினைத்தேன்.
நாலாம் மாடி. வடக்குச் சுவர்.
ஹீட்டர் இரண்டாம் எண்ணைத் தாண்டியதில்லை,
அப்படியும் போன வருட பாக்கி நூற்று எண்பத்தாறு
ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கடியில் கிடக்கிறது.
இந்தப் பெட்டி சுருதியில் நிற்க
நான் இருபது டிகிரியில் வாழ வேண்டும்.
அந்தக் காசைச் சீட்டில் யார் எழுதுகிறார்கள்?

சரணிதன் டோர்ட்மூண்டிலிருந்து போனில்:
"அனலாக்தான் அசல். காசு காணாட்டி நான் தாறன்."
அவன் வீட்டில்
தரையே சூடு.

டிஜிட்டல்: இருநூற்று அறுபது.
கறுப்பு பிளாஸ்டிக், பதினாறு குரல்,
கடைசிக் கட்டை மட்டும் ஊமை.
குமிழை மெல்லத் திருப்பினால்
ஒலி வழுக்காமல் படியேறுகிறது.
கூர்ந்து கேட்டால் ஒவ்வொரு படியும் காதில் விழும்.
ஓரத்தில் இன்னொரு குமிழ்,
பழைய கருவிபோல் சுருதி தவற.
தவறவே தெரியாத ஒன்றுக்கு
அளந்து தவறு ஊற்ற,
பூச்சியம் முதல் நூற்றிருபத்தேழு வரை.
சிரித்துவிட்டேன்.
எதற்கென்று கேட்காமல் ரூலாண்டும் சிரித்தார்.

அதை விற்றவர் எதையும் அழித்திருக்கவில்லை.
அறுபத்துநாலு நினைவறைகள்.
'செவ்வாய்.' 'மழை 4.' 'உல்லா கோபம்.'
அறுபதில் 'ஃபால்ஷ்'. பிழை என்று அர்த்தம்.
அறுபத்தொன்றில் 'ஃபால்ஷ் 2'.
அதற்குப் பிறகு காலி.

ஃபால்ஷ் 2-ஐ அழுத்தினேன்.

வளைவு.
என்னுடைய வளைவு.
கால் சுரம் மேலே நின்றதே தவிர
அதேதான்.
யாரோ ஒருவர், இதே ஊரில்,
ஏதோ ஒரு நிறுத்தத்தில் பஸ்ஸைத் தவறவிட்டுக்
கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.
பெயரைக் கேட்டேன்.
ரசீதுப் புத்தகத்தை இரண்டு தாள் புரட்டிவிட்டு
மூடிவைத்தார் ரூலாண்ட்.

காசை எண்ணிக் கொடுத்தேன்.
கீழ்வீட்டுக்காரருக்காக ஒரு ஹெட்ஃபோன், ஐம்பத்தைந்து.
மிச்சம் நூற்றைந்து
காந்தத்துக்கடியில் போகும்.

இரவு ஒரு மணி. கம்பளிக்குள் கால்கள்.
கால் சுரத்தைக் கீழே இறக்கி,
நடுவில் கொஞ்சம் துரு சேர்த்து
அறுபத்திரண்டாம் அறையில் வைக்கப் போனேன்.
பெயர் கேட்டது.
எட்டு எழுத்துக்குத்தான் இடம், அதுவும் ஆங்கிலத்தில்.
துஷாந்தினி என்று தட்டத் தொடங்கினேன்.
எட்டாம் எழுத்தில் நின்றுவிட்டது:
துஷாந்த்.
யாரோ ஒரு ஆம்பிளை.

அழித்தேன்.
'ஃபால்ஷ் 3.'
எட்டு எழுத்து, கச்சிதம்.

கடைசி ரயில் வரும் நேரம்.
ஒரு காதை மட்டும் திறந்துவிட்டு
ஒத்துப் பார்க்கக் காத்திருந்தேன்.

வந்தது.
மாலையில் இருந்ததைவிடச்
சற்றே இறங்கியிருந்தது, ரயில்.

வெளியே இரண்டு டிகிரி.